சிறுநீரக நுண்குழல்களும் உடலின் அமிலச் சமநிலையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)



கல்வியின் பெருமையைப் பற்றி எனக்கு முன்னர்ப் பேசியவர்கள் சிறப்புற எடுத்துரைத்துவிட்டார்கள். அதனையே நானும் திரும்பக் கூறுவதில் பயனில்லை. ஆகவே, ஒரு நோயைப் பற்றிப் பேச உங்கள் இசைவை வேண்டுகிறேன். பள்ளி ஆசிரியனுக்கும் நோய்க்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். நான் மருத்துவன் அல்லன். ஆங்கில இலக்கியம் பயின்று பி.ஏ., பி.எட். பட்டம் பெற்ற ஆசிரியன். ஆயினும், இந்த நோயை அறியாத காரணத்தால் ஒரு குழந்தைக்கு நான் தீங்கிழைத்திருக்கிறேன். அறியாமை எத்தகைய தீங்கைச் செய்யும் என்பதற்கு அதனினும் பொருத்தமான சான்று என்னிடம் வேறில்லை.

1997ஆம் ஆண்டு. நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் உதவி ஆசிரியனாகப் பணியாற்றிக் கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்பில் ஒரு சிறுமி பயின்று வந்தாள். வயது 12; பார்ப்பவர்க்கு ஏழு வயது என்றே தோன்றும். கால்கள் இரண்டும் வில்போல் வளைந்திருக்கும். பாடவேளைதோறும் எழுந்து நின்று வெளியே செல்ல அனுமதி கேட்பாள். திரும்பி வரும்போது குழாயடியில் தண்ணீர் குடித்துவிட்டு வருவாள். பாடத்திலிருந்து தப்பித்துக்கொள்ளச் செய்யும் தந்திரம் அது என்று நான் முடிவு கட்டினேன். ஒரு நாள் அனுமதி மறுத்தேன். அவள் வகுப்பிலேயே ஆடையை நனைத்துவிட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். மறுநாள் முதல் அவள் பள்ளிக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவள் வீட்டுக்குச் சென்று நான் கேட்கவும் இல்லை.

இரண்டு வாரங்கள் சென்றபின், ஒரு நாள் காலையில் அவளால் படுக்கையைவிட்டு எழ முடியவில்லை. கை கால்கள் துவண்டு கிடந்தன. காற்று அடித்துவிட்டது என்று மந்திரித்தார்கள். இளம்பிள்ளை வாதம் என்று ஒருவர் கூறினார். இறுதியில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். அங்கே பணியிலிருந்த இளம் மருத்துவர் தாயைப் பார்த்து, "அம்மா, பிள்ளை தண்ணீர் நிறையக் குடிக்குமா? இரவில் எத்தனை முறை எழுந்து போகும்?" என்று கேட்டார். "நாலஞ்சு தடவ எந்திரிக்கும் ஐயா. பானைத் தண்ணி பூராவும் அதுவே குடிச்சிரும். யாரும் இதக் கேக்கலியே ஐயா" என்றார் அந்தத் தாய். நான் எதனைக் குற்றமெனக் கொண்டேனோ, அதுவே நோயின் முதல் அடையாளமாக இருந்தது. "யாரும் கேக்கலியே" என்ற அந்தச் சொல்லைத் தாயார் பின்னர் என்னிடமே கூறியபோது நான் தலைகுனிந்து நின்றேன்.

அந்த நோய்க்கு மருத்துவர்கள் இட்டிருக்கும் பெயர் 'ரீனல் டியூபுலர் அசிடோசிஸ்'. சிறுநீரக நுண்குழல்கள் சரிவர வேலை செய்யாமையால் இரத்தத்தில் அமிலம் மிகுந்துவிடும் நோய் என்பது இதன் பொருள். இதனை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், முதலில் சிறுநீரகத்தின் வேலையை அறிதல் வேண்டும்.

நம் இரத்தம் சிறிதளவு காரத்தன்மை உடையது. அமில-கார அளவுகோலில் அதன் இடம் 7.35 முதல் 7.45 வரை. இந்தக் குறுகிய எல்லைக்குள் அது நின்றால்தான் தசையும் நரம்பும் இதயமும் ஒழுங்காக இயங்கும். ஆனால், நாம் உண்ணும் உணவு உடலில் எரிந்து பயன்படும்போது நாள்தோறும் அமிலம் உண்டாகிக்கொண்டே இருக்கிறது. ஒரு பகுதி கரியமில வாயுவாக மூச்சின் வழியே வெளியேறிவிடும். எஞ்சிய அமிலத்தை நுரையீரலால் வெளியேற்ற இயலாது. அது சிறுநீரகத்தின் பொறுப்பு.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. ஒவ்வொன்றின் பின்னும் ஒரு நுண்குழல் நீண்டு செல்கிறது. ஒரு நாளில் இவை வடிகட்டும் நீர் சுமார் 180 லிட்டர். ஒரு குடம் 15 லிட்டர் கொள்ளும் எனக் கொண்டால், 12 குடம்! ஆனால், நாம் கழிக்கும் சிறுநீரோ ஒன்றரை லிட்டர் அளவே. மற்றவை எங்கே சென்றன? நுண்குழல்கள் அவற்றை இரத்தத்துக்கே மீட்டுத் தந்துவிட்டன. களத்துமேட்டில் எல்லாவற்றையும் கொட்டி, மணியை அள்ளிக்கொண்டு பதரைத் தள்ளிவிடும் உழவனைப் போன்றவை இந்த நுண்குழல்கள்.

மாணவ மணிகளே, இங்கே ஒரு கணக்குப் போடுவோம். இரத்தத்தில் அமிலத்தை அடக்கிவைக்கும் காரப்பொருளின் பெயர் பைகார்பனேட். ஒரு லிட்டருக்குச் சுமார் 24 அலகு இருக்கிறது. 180 லிட்டரில் 4,320 அலகு வடிகட்டியைக் கடந்து செல்கிறது. நம் அடுக்களையில் உள்ள ஆப்பசோடாவும் பைகார்பனேட்டே. அதன் ஓர் அலகு 84 மில்லிகிராம். பெருக்கிப் பார்த்தால், ஏறத்தாழ 363 கிராம் ஆப்பசோடாவுக்கு ஈடான காரத்தை நம் சிறுநீரகங்கள் ஒவ்வொரு நாளும் மீட்டுக் கொள்கின்றன என்பது விளங்கும். இந்த மீட்புப் பணியில் பெரும்பகுதியைச் செய்வது நுண்குழலின் தொடக்கப் பகுதி. நூற்றுக்கு 80 முதல் 90 பங்கு வரை அங்கேயே மீட்கப்படுகிறது.

நுண்குழலின் இறுதிப் பகுதிக்கு வேறொரு வேலை. அன்றாடம் உண்டான அமிலத்தை அது சிறுநீருக்குள் தள்ளுகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது நாளொன்றுக்குச் சுமார் 60 அலகு. அதனை முறிக்க ஏறத்தாழ 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி ஆப்பசோடாவுக்கு ஈடான காரம் போதும். தொடக்கத்தில் 363 கிராம், இறுதியில் 5 கிராம் என்ற இவ்விரு எண்களையும் நினைவில் வையுங்கள். நோயின் வகைகளை இவற்றைக் கொண்டே எளிதில் பிரித்தறியலாம்.

இறுதிப் பகுதி பழுதுபட்டால் தோன்றுவது முதல் வகை. அமிலத்தைத் தள்ள முடியாமையால் அது இரத்தத்தில் தங்கிவிடும். இரத்தம் அமிலமாக மாறிக்கொண்டிருக்கும் வேளையிலும் சிறுநீரின் அளவீடு 5.5க்குக் கீழே இறங்காது. அமிலம் வெளியேற வேண்டிய இடத்தில் பொட்டாசியம் மிகுதியாக வெளியேறும். பொட்டாசியம் குறைந்தால் தசை துவளும். மிகவும் குறைந்தால் கை கால்கள் செயலிழக்கும். மூச்சுத் தசையும் இதயமும் பாதிக்கப்படுவதும் உண்டு. தங்கிய அமிலத்தை முறிக்க உடல் எலும்பில் உள்ள காரச் சேமிப்பைக் கரைக்கும். எலும்பிலிருந்து கரைந்த சுண்ணாம்புச் சத்து சிறுநீரகத்துக்கு வந்து படிந்து கல்லாகும். கல் உண்டாகாமல் தடுக்கும் சிட்ரேட் என்ற பொருளும் இவர்களுடைய சிறுநீரில் குறைந்துவிடும். எலும்பு மெலிகிறது, சிறுநீரகம் கல்லாகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அந்தச் சிறுமிக்கு வந்தது இந்த வகைதான்.

தொடக்கப் பகுதி பழுதுபட்டால் தோன்றுவது இரண்டாம் வகை. மீட்கப்பட வேண்டிய காரம் சிறுநீரில் வழிந்தோடிவிடும். சிலருக்குச் சர்க்கரை, பாஸ்பேட், அமினோ அமிலங்கள் ஆகியவையும் உடன் வழிந்தோடும். சுவிட்சர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் குய்டோ ஃபான்கோனியின் பெயரால் அந்நிலை வழங்கப்படுகிறது. இவ்விரு வகைகளும் கலந்து வரும் மூன்றாம் வகை மிக அரிது. நான்காம் வகையோ பெரியவர்களிடம் மிகுதியாகக் காணப்படுவது. நீரிழிவால் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும், சில இரத்த அழுத்த மருந்துகளை உட்கொள்வோருக்கும் வரக்கூடும். இதில் பொட்டாசியம் குறைவதற்கு மாறாகக் கூடிவிடும். ஆகவே, ஒரு வகையினருக்கு உதவும் இளநீர் மற்றொரு வகையினருக்குத் தீங்காகும் என்பதை உணர்க.

இந்நோய் எதனால் வருகிறது? குழந்தைகளுக்குப் பெரும்பாலும் பிறவியிலேயே அமைகிறது. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாகப் பழுதான மரபுக்கூறு இரண்டும் சேர்ந்து வரும்போது முதல் வகையின் சில வடிவங்கள் தோன்றுகின்றன. அத்தகைய பெற்றோருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வாய்ப்பு உண்டு. தாய்மாமன், அத்தை பிள்ளை என்று நெருங்கிய உறவுக்குள் மணம் செய்யும் வழக்கம் இவ்வாய்ப்பைக் கூட்டுகிறது. இவ்வடிவங்களுள் ஒன்றில் காது கேளாமையும் சேர்ந்து வருவதன் காரணமான மரபுக்கூறு 1999ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. நோய்க்குத் தரும் மருந்து செவித்திறனை மீட்டுத் தருவதில்லை. ஆதலால், வளர்ச்சி குன்றிய குழந்தைக்குச் செவியையும் சோதித்தல் வேண்டும்.

பெரியவர்களுக்குப் பிற நோய்களின் விளைவாக வருவதுண்டு. கண்ணும் வாயும் வறண்டுபோகும் ஷோகிரன் நோய் அவற்றுள் ஒன்று. பெண்களையே அது மிகுதியும் தாக்குகிறது. சில மருந்துகளாலும் வரும். நாட்பட்டுச் சிதைந்த டெட்ராசைக்ளின் மாத்திரையை உட்கொண்டவர்களுக்கு ஃபான்கோனி நிலை ஏற்பட்டதை 1963ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள். பெட்டியில் கிடக்கும் பழைய மாத்திரையை எடுத்து விழுங்கும் வழக்கம் நம் வீடுகளில் இல்லையா?

இளைஞர்களே, இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பெயிண்ட் தின்னரையும் ஒட்டும் பசையையும் துணியில் ஊற்றி முகர்ந்து மயங்கும் பழக்கம் சில ஊர்களில் சிறுவர்களைப் பற்றியிருக்கிறது. அவற்றில் உள்ள டொலுயீன் என்னும் பொருள் அமிலப்பெருக்கத்தை உண்டாக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, கை கால்களைச் செயலிழக்கச் செய்யும். மூளையையும் கெடுக்கும். உங்கள் தோழன் ஒருவன் அதில் விழுந்திருந்தால் மறைக்காதீர்கள், அடிக்கவும் செய்யாதீர்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இந்நோயின் வரலாறு நெடியதன்று. 1935ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு மருத்துவர் ரெஜினால்ட் லைட்வுட், வளர்ச்சி குன்றிய கைக்குழந்தைகளின் சிறுநீரகத்தில் சுண்ணாம்புப் படிவைக் கண்டார். 1936இல் அமெரிக்காவில் பட்லர், வில்சன், ஃபார்பர் ஆகியோர் அதனையே விரித்துரைத்தனர். இன்றுள்ள பெயர் 1951இல் பைன்ஸ், மட்ஜ் ஆகிய இருவரால் இடப்பட்டது. 1978ஆம் ஆண்டில் மக்‌ஷெரி, மாரிஸ் என்னும் அமெரிக்க மருத்துவர்கள் இந்நோயுற்ற 10 குழந்தைகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். கார மருந்தைப் போதிய அளவில் இடைவிடாது கொடுத்துவந்தால், குழந்தைகள் இயல்பான உயரத்தை எட்டி அதில் நிலைத்து நிற்பார்கள் என்பதை அவ்வாய்வு காட்டிற்று.

இவ்விடத்தில் நான் பயின்ற ஆங்கில இலக்கியம் எனக்குத் துணை வருகிறது. 1843ஆம் ஆண்டில் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய கிறிஸ்துமஸ் கதையில் டிம் என்ற சிறுவன் வருகிறான். ஏழை எழுத்தரின் மகன்; வளர்ச்சி குன்றியவன்; கால்களுக்கு இரும்புச் சட்டம், கையில் ஊன்றுகோல். தந்தையின் முதலாளி கருமியாகவே இருந்தால் அவன் இறந்துவிடுவான் என்று கதை கூறுகிறது. முதலாளி மனம் மாறுகிறார், சிறுவன் பிழைத்துக்கொள்கிறான். கொஞ்சம் பணமும் கவனிப்பும் கிடைத்தவுடன் பிழைத்துக்கொள்ளும் அந்த நோய் எது? 1992ஆம் ஆண்டில் டொனால்ட் லூயிஸ் என்ற அமெரிக்க மருத்துவர், அது சிறுநீரக நுண்குழல் நோயாகவே இருக்கலாம் என்று எழுதினார். நோயின் பெயர் அன்று தெரியாவிட்டாலும், கார மருந்துகள் அக்காலத்திலேயே வழக்கில் இருந்தன என்பது அவர் வாதம். 2012இல் ரசல் செஸ்னி என்ற மருத்துவர், வெயிலில்லாத புகை மண்டிய இலண்டனில் அது வைட்டமின் டி குறைவாலான எலும்பு மென்மையும் காசநோயும் சேர்ந்ததாகலாம் என்றார். கதைமாந்தனுக்கு இரத்தப் பரிசோதனை செய்ய இயலாது. எனவே வழக்கு முடியவில்லை. ஆயினும், இருவர் கூற்றிலும் ஒன்று பொது: அந்தக் குழந்தையைச் சாவின் வாயிலுக்குக் கொண்டு சென்றது தீராத நோயன்று, கவனிப்பாரில்லாத வறுமை.

இனி, மருந்து. முதல் வகைக்குத் தேவைப்படுவது நான் முன்பு சொன்ன தேக்கரண்டிக் கணக்கை ஒட்டிய சிறிய அளவு காரமே. வளரும் குழந்தைக்கு எடைக்கேற்பச் சற்று மிகுதியாகத் தேவைப்படும். இரண்டாம் வகைக்கு, கொடுக்கக் கொடுக்க வழிந்தோடுவதால், பன்மடங்கு அளவு வேண்டும். சோடியம் பைகார்பனேட் மாத்திரையாகவோ, சிட்ரேட் கலந்த நீர்மருந்தாகவோ தருகிறார்கள். சிட்ரேட்டை ஈரல் பைகார்பனேட்டாக மாற்றிக்கொள்கிறது. அப்படியானால் எலுமிச்சைச் சாறு போதுமே என்று எண்ணாதீர்கள். சாற்றில் பெரிதும் இருப்பது அமிலம். மருந்தில் இருப்பது சோடியமோ பொட்டாசியமோ சேர்ந்த உப்பு.

வீட்டிலே ஆப்பசோடாவைக் கரைத்துக் குடிக்கவும் முற்படாதீர்கள். கணக்கு விளங்குவதற்காக அதன் பெயரைச் சொன்னேனேயன்றி மருந்தாகச் சொல்லவில்லை. பொட்டாசியம் மிகக் குறைந்திருக்கும் ஒருவருக்கு அதனைச் சரிசெய்யாமல் முதலில் காரம் கொடுத்தால் பொட்டாசியம் மேலும் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். இதய நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு அதிலுள்ள சோடியமும் கேடு விளைவிக்கும். அவ்வாறே, பள்ளி ஆய்வகத்து லிட்மஸ் தாளைக் கொண்டு இந்நோயைக் கண்டுவிட முடியாது. இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட் ஆகிய நான்கையும், புதிதாகக் கழித்த சிறுநீரின் அமில அளவையும் பார்த்தல் வேண்டும். எலும்புக்கு எக்ஸ்ரேயும் சிறுநீரகத்துக்கு ஸ்கேனும் தேவைப்படும்.

ஒவ்வொரு குள்ளமான பிள்ளைக்கும் இந்நோய் என்று நான் கூறவில்லை. இது அரிய நோயே. ஊட்டக்குறைவும் வைட்டமின் டி குறைவும் இதனினும் பெரிதும் பரவலானவை. ஆனால், வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லாமை, வளைந்த கால், தீராத தாகம், இரவில் பலமுறை சிறுநீர், காரணமற்ற வாந்தி, மலச்சிக்கல், திடீரெனக் கை கால் துவளுதல், சிறு வயதிலேயே சிறுநீரகக் கல் ஆகியவற்றுள் இரண்டு மூன்று ஒன்றாகக் காணப்பட்டால், "சத்துக் குறைவு" என்ற சொல்லோடு வீடு திரும்பிவிடாதீர்கள். வைட்டமின் டி கொடுத்தும் எலும்பு நேராகவில்லையெனில், "சிறுநீரகத்தையும் பாருங்கள் ஐயா" என்று பணிவோடு, ஆனால் உறுதியோடு கேளுங்கள். 2013ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, பிறந்த குழந்தை முதல் 18 வயது வரையுள்ளோரைப் பரிசோதிக்க மருத்துவக் குழுவினர் பள்ளிகளுக்கு வருகின்றனர். அவர்கள் வரும் நாளில் இத்தகைய பிள்ளையை வரிசையின் முன்னால் நிறுத்துங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாயோடு படித்த இளைஞர் ஒருவர் துணைக்குச் சென்று, கண்ட அடையாளங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், அதுவே நம் சங்கம் அளித்த கல்விக்கு நல்ல பயனாகும்.

அந்தச் சிறுமி என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். முதலில் பொட்டாசியம் கொடுத்தார்கள். கை கால்கள் மீண்டன. பின்னர்ச் சிட்ரேட் நீர்மருந்து தொடங்கினார்கள். அது மலிவான மருந்துதான்; ஆனால், அதனை மாதந்தோறும் வாங்கிவர ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் அந்தத் தாய்க்குச் செலவாயின. இரண்டு மாதங்களில் மருந்து நின்றுபோனது. அதனை அறிந்தபின், நானே மாதம் ஒருமுறை சென்று புட்டியை வாங்கிவரத் தொடங்கினேன். இதனைத் தொண்டு என்று எவரும் சொல்ல வேண்டா. அது நான் பட்ட கடன். இரண்டு ஆண்டுகளில் அவள் முன்வரிசையிலிருந்து நடுவரிசைக்கு நகர்ந்தாள். கால்கள் பெரிதும் நேராயின. இழந்த உயரம் முழுவதும் திரும்பவில்லை. சிறுநீரகத்தில் படிந்த சுண்ணாம்பும் கரையவில்லை. நான்கு ஐந்து வயதிலேயே எவரேனும் கேட்டிருந்தால் அவையும் தவிர்க்கப்பட்டிருக்கும். பன்னிரண்டாம் வகுப்பை முடித்தாள். இன்றும் நாள்தோறும் மருந்து உட்கொண்டு நலமாக வாழ்கிறாள்.

நான் தலைமையாசிரியனாகப் பொறுப்பேற்ற பின்னர், என் பள்ளியில் ஒரு விதி செய்திருக்கிறேன். தண்ணீர் குடிக்கவும் சிறுநீர் கழிக்கவும் செல்லும் பிள்ளையை எந்த ஆசிரியரும் தடுக்கக் கூடாது. ஒரு பிள்ளை அடிக்கடி சென்றால் தண்டிக்கக் கூடாது; அதன் பெயரை எழுதி என்னிடம் கொடுக்க வேண்டும்; நான் பெற்றோரை அழைத்துக் கேட்பேன். கழிப்பறைக்கு அஞ்சித் தண்ணீரே குடிக்காமல் காலை முதல் மாலை வரை அடக்கிக்கொண்டிருக்கும் பெண் குழந்தைகளையும் எண்ணி, கழிப்பறையின் தூய்மையை நாள்தோறும் நானே சென்று பார்க்கிறேன்.

நண்பர்களே, கல்வி என்பது பட்டம் பெறுவது மட்டுமன்று. கண்முன் நிற்கும் குழந்தையைக் குறைகூறும் முன்னர், "உனக்கு என்ன செய்கிறது அம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்கத் தெரிவதும் கல்வியே. அந்த ஒரு வார்த்தையை 1997இல் நான் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.